எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத கார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் காரைப் பிரித்து விற்கப்போகிறேன் என்று என் அண்ணன் சொன்ன அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் இந்தக் கதை தொடங்குகிறது.

எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில், பிடோக்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அண்ணன் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். நான் ஷென்டன் வே பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க். எங்கள் மாதா கோயில் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்தி வரும்போது நாங்கள் இருவரும் அங்கே இருக்கமாட்டோம். சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே முழங்கால் போட்டு முடித்துவிட்டு, விடிவதற்குள் பாலத்தைத் தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூருக்குப் போய்விடுவோம். அங்கே செம்பனைத் தோட்டங்களுக்குள் செம்மண் பாதையில் கார்ப் பந்தயம் நடக்கும். அண்ணன் ஓட்டுவான். நான் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, முன்னால் வரப்போகும் வளைவுகளைத் தாளில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவேன். "இடது மூணு, பாலம், வலது ரெண்டு, குறுகல்!" என்று கத்திக் கத்தி, திங்கட்கிழமை ஆபீசில் எனக்குத் தொண்டையே இருக்காது.

கார் ஜப்பான் கார். எஞ்சினின் பலம் நான்கு சக்கரங்களுக்கும் போகும். சேற்றில் போட்டாலும் நான்கும் பிறாண்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். மூன்று வருடம் அதில் இடதுபக்கம் உட்கார்ந்தேன். வலதுபக்கம் உட்காரக் கேட்டபோதெல்லாம் அண்ணன், "அப்புறம் பாக்கலாம் லா" என்பான். எத்தனையோ ஜெயித்தோம், கோப்பைகளை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தாள், அந்த அப்புறம் மட்டும் வரவேயில்லை.

கடைசியாகப் போன பந்தயத்தில் ஒரு பள்ளத்தில் கார் விழுந்து எழுந்தது. எழுந்தபோது முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம். முன்சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்குள்ளே பல்சக்கரம் உடைந்திருந்தது. அதற்குச் சாமான் சிங்கப்பூரில் எங்கும் கிடைக்கவில்லை. அதே சமயத்தில் அண்ணனுக்கு ஆஸ்திரேலியாவில் குடியேற அனுமதி வந்துவிட்டது. பெர்த்தில் வேலையும் தயார். ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் வந்து, எஞ்சினையும் கியர்பாக்சையும் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மிச்சம் இரும்புக்கடைக்கு.

சாப்பாட்டு மேசையில் அண்ணன் இதைச் சொன்னான். நான் கையைக்கூடக் கழுவவில்லை.

"எனக்குக் குடுண்ணே."

"உடைஞ்ச வண்டிய வச்சு என்னா பண்ணப்போற? பூச்செடி வைக்கப்போறியா?"

"ஓட்டப்போறேன்."

"முன்னால பல்லு போச்சு. எப்படி ஓட்டுவ?"

"பின்சக்கரம் நல்லாத்தானே இருக்கு? முன்ன கழட்டிப் போட்டுட்டுப் பின்னால மட்டும் ஓட்டுறேன். வால் வீசட்டும்."

அந்த வருடம் எங்கள் பந்தயக் கூட்டத்தில் ஒரு ஜப்பான் வீடியோ கேசட் கைமாறிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் ஒருவர் காரைப் பக்கவாட்டிலேயே சறுக்கவிட்டு வளைவு வளைவாக இறங்குவார். இன்றைக்குப் பிள்ளைகள் ட்ரிஃப்ட் என்கிறார்களே, அதுதான். நாங்கள் அப்போது வால் வீசுவது என்போம். அதற்குப் பின்சக்கரம் தள்ளுகிற கார் வேண்டும். அண்ணனுக்கு அது பிடிக்காது, நேரத்தை வீணாக்கும் வித்தை என்பான். எனக்கோ அந்தக் கேசட் தேயும்வரை பார்த்தும் அலுக்கவில்லை.

அண்ணன் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். "பொம்பளப் புள்ள வாலை வீசுறாளாம், வாலை!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பீங்கான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நான் எழுந்த விதத்தைப் பார்த்து அண்ணன் சிரிப்பை நிறுத்தினான்.

"சரி. அடுத்த மாசம் காலாங்ல ஜிம்கானா கார்ப் போட்டி இருக்கு. ஒரு ரவுண்டு, ஒழுங்கா, நின்னுபோகாம முடிச்சுக் காட்டு. காட்டினா வண்டி உன்னுது. இல்லாட்டி மறுநாளே லாரிக்குச் சொல்லிடுவேன். அழக்கூடாது."

"யார் அழுறான்னு பாப்போம்" என்றேன். வாய்க்கொழுப்பு. பிறந்ததிலிருந்தே உண்டு.

ஃபேரர் பார்க்கில், ஒரு கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கார்ப் பட்டறை வைத்திருந்தார். நெற்றியில் எப்போதும் திருநீறு, வாயில் எப்போதும் வெற்றிலை. நான் அவரை அங்கிள் என்பேன். இழுவை லாரியில் கார் அங்கே போய் இறங்கியது. ஆபீஸ் விட்டதும் பஸ் பிடித்து நேரே போய், அண்ணனின் பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்துவிடுவேன். முதல் நாள் அங்கிள் என்னைப் பார்த்து, "ஆழம் தெரியாம காலை விடுறியேமா" என்றார். "விட்டாச்சு அங்கிள், ஸ்பேனர எடுங்க" என்றேன்.

முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள் இரண்டையும் கழற்றவேண்டும். கேட்கச் சுலபம். அந்தத் தண்டின் வெளிநுனிதான் சக்கரத்தின் பேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. முழுதாக உருவி எறிந்தால் ஓடும்போது சக்கரமே தனியாகப் போய்விடும். ஆகவே தண்டைப் பிரித்து, நுனியை மட்டும் சக்கரத்திலேயே விட்டுவைத்தோம். தண்டுகள் போன இடத்தில் கியர்பாக்சில் இரண்டு ஓட்டைகள், எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடுத்த தெருவில் கடைசல் பிடிக்கிறவரிடம் அலுமினியத்தில் இரண்டு மூடி கடைந்து வாங்கி அடைத்தோம். கையெல்லாம் கறுப்பு. ஆபீசில் என் டைப்ரைட்டர் கட்டைகளில்கூடக் கறை ஏறியது. மானேஜர் கேட்டபோது தோட்டவேலை என்றேன். அடுக்குமாடியில் எங்கே தோட்டம் என்று அவர் கேட்கவில்லை.

வேலை முடிந்த சனிக்கிழமை, மத்தியானம். அங்கிளுக்கு ஒரு வழக்கம் உண்டு: தன் பட்டறையில் பெரிய வேலை பார்த்த எந்த வண்டியும் நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வெளியே போகக்கூடாது. தேக்கா சந்தையில் பழம் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, சூடம் கொளுத்தினார். எங்கள் அம்மா விடுவாளா? ஜூஸ் போத்தலில் கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து, எஞ்சின் மூடியிலிருந்து டிக்கிவரை தெளித்து, ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் ஆயிற்று. அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு கோப்பி குடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

நான் வலதுபக்கம் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர். கிளட்சை விட்டேன். எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை.

மறுபடியும் செய்தேன். இன்னும் அழுத்தினேன். சந்து முழுக்கப் புகை, சத்தம், மாடி ஜன்னல்களில் தலைகள். கார் அப்படியே நின்றது. நான்கு பழமும் சேதாரமில்லாமல் இருந்தன.

"வேளாங்கண்ணி மாதாவே!" என்று அம்மா நெஞ்சில் கைவைத்தாள். "அடியே, இறங்கு! அவளுக்கே இஷ்டமில்ல."

அங்கிள் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பழங்களை உற்றுப் பார்த்தார். "பழம் சரியில்ல போல. இதுல ஒண்ணு வாடியிருக்கு." அலாமாக்! அந்த மனிதர் நிஜமாகவே மறுபடி தேக்காவுக்கு ஓடிப்போய் புதுப் பழம் வாங்கி வந்தார். வைத்தார். கார் நகரவில்லை. பிறகு கார் தெற்குப் பார்த்து நிற்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தார். எல்லோருமாகச் சேர்ந்து தள்ளி அதைக் கிழக்கே திருப்பினோம். தள்ளினால் நன்றாக உருண்டது. நான் உட்கார்ந்து ஓட்டினால் நகரமாட்டேன் என்றது. அம்மா மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவரப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். சூடம் கொளுத்திய இடத்துக்கு அவர் வருவாரா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எனக்குப் பிள்ளையாரும் குரங்கும் சேர்ந்து வந்து நின்றார்கள்.

அண்ணன் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் என்னை இறங்கவிடாமல் உட்காரவைத்தது. இன்னும் ஒரு தடவை கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு, சுற்றிலும் பார்க்காமல் எனக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் முள் ஏறிக்கொண்டிருந்தது. இருபது, நாற்பது, அறுபது.

நிற்கிற கார் அறுபதில் ஓடுகிறது!

அப்படியென்றால் பலம் கியர்பாக்சுக்குள்ளே எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கிறது, பின்சக்கரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து யோசித்தேன். இந்த வகைக் காரில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி என்று பலத்தைப் பங்கிடுவது அதுதான். அது ஒரு சோம்பேறி. இரண்டு வாய் உள்ள குழாயில் ஒரு வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் முழுதும் அங்கேயே கொட்டுவதுபோல, எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொடுத்துவிடும். நாங்கள் முன்பக்கத்துத் தண்டுகளைக் கழற்றி அந்த வாயைத்தான் திறந்து வைத்திருந்தோம்.

கதவைத் திறந்து கத்தினேன். "அங்கிள்! பழத்த எடுங்க! நடு டிஃபரன்ஷியல நாம விட்டுட்டோம்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட முருகா! அது நடுவுல ஒண்ணு கெடக்குல்ல!"

வழி இருந்தது. நடுவில் இருக்கிற அந்தப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் அடித்து ஒட்டிவிட்டால் அதனால் பங்கிட முடியாது. வருகிறதெல்லாம் பின்னால் போயே ஆகவேண்டும். ஆனால் வெல்டிங் அடித்தால் அடித்ததுதான், திரும்பப் பிரிக்கமுடியாது. அண்ணன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாகக் கிட்டே வந்தான்.

"யோசிச்சுக்க. அதுல வெல்டிங் அடிச்சா ஜேபிக்காரரு கியர்பாக்ஸத் தொடமாட்டாரு. கியர்பாக்ஸ் இல்லாட்டி எஞ்சினும் வேணாங்குறாரு. ஜிம்கானாவுல நீ முடிக்கலேன்னா மொத்த வண்டியும் இரும்புக்கடதான். ஒரு போல்ட்டுகூட மிஞ்சாது."

"தெரியும்."

"இப்ப விட்டா, எஞ்சினாவது எங்கயாவது ஓடிட்டிருக்கும்."

அது என்னைக் குத்தியது. அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அது எந்த வேகத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்னொருவர் காரில் அது உயிரோடு இருப்பதா, என் கையில் சாவதா என்று கேட்கிறான். நான் அங்கிளைப் பார்த்தேன். அவரோ வெல்டிங் கோலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உத்தரவுக்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்கிள், அண்ணன் மூஞ்சிய ஏன் பாக்குறீங்க? என்னக் கேளுங்க. அடிங்க."

"நெசமாவா மா?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? அடிங்க அங்கிள்."

கியர்பாக்சை இறக்கிப் பிரிக்கவே சில நாள் ஆயிற்று. அவர் அடித்தார். மறுபடி கோத்து மாட்டி, புதுப் பழம் வைத்து, கிளட்சை விட்ட மறுநொடி கார் துள்ளிக்கொண்டு பாய்ந்து பழங்களை நசுக்கியது. சந்தில் இருந்த காய்கறிக்கடைக்காரர் கைதட்டினார். "ரெண்டு சாமியும் ஒத்துக்கிட்டாங்க" என்றார் அங்கிள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது கணக்கில் வராது.

ஓட வைப்பது ஒன்று, ஓட்டுவது ஒன்று. பாசிர் ரிஸ்ஸில் அப்போது புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கிள் தன் லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போய், தெரிந்த ஒருவரிடம் சொல்லி, கட்டடம் வராத ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டார். முதல் திருப்பத்திலேயே கார் பம்பரமாகச் சுற்றியது. அடுத்ததிலும். அப்புறம்தான் புரிந்தது: மூன்று வருடம் இடதுபக்கம் உட்கார்ந்து அண்ணன் காலையும் கையையும் பார்த்துக் கற்றதெல்லாம் இந்தக் காருக்கு ஆகாது. நான்கு சக்கரமும் இழுக்கிற கார் வளைவில் வெளியே வழுக்கினால், ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதிக்கவேண்டும். முன்சக்கரம் இழுத்து நேராக்கிவிடும். அண்ணன் அப்படித்தான் செய்வான், யோசிக்காமல். இங்கே முன்னால் இழுக்க ஆள் இல்லை. அழுத்தினால் வால் சுற்றி மூக்குக்கு முன்னால் வந்துவிடும். சட்டென்று காலை எடுத்தாலும் சுற்றும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, கால் பெருவிரலுக்கு மட்டும் தெரிகிற இடம். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, அந்த இடத்தில் காலை வைத்துக்கொண்டிருக்கவேண்டும். கழுத்து சுளுக்கி, உள்ளங்கை தோல் உரிந்து, ஒரு சாயங்காலம் அது வந்தது. ஒரு முழு வட்டம், பக்கவாட்டிலேயே. காருக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு நான் போட்ட கூச்சல் பிடோக்குக்குக் கேட்டிருக்கும்.

காலாங்கில் அன்று வெயில் கொளுத்தியது. பெரிய கார் நிறுத்துமிடத்தில் ரப்பர் கூம்புகளை எட்டு வடிவில் வைத்திருந்தார்கள். எட்டைச் சுற்றி, கூம்புகளுக்கிடையே பாம்பாக வளைந்து, கடைசியில் ஒரு கட்டத்துக்குள் காரை நிறுத்தவேண்டும். ஆளுக்கு இரண்டு முறை. பெண்ணாக நான் ஒருத்திதான். என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னவர் அண்ணனைத்தான் தேடினார். அம்மா கையில் ஜெபமாலையோடு குடைபிடித்து நின்றாள். அங்கிள் பழம் கொண்டுவந்திருந்தார், ஆனால் வைக்கவிடவில்லை, கூம்புக்காரர்கள் திட்டினார்கள்.

முதல் முறை எட்டின் நடுவிலேயே சுற்றி, எஞ்சின் நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். திரும்பி வரிசையில் வந்து நின்றேன். அண்ணன் ஜன்னலருகே வந்து குனிந்தான். "போதும் மா. வெயிலு. விட்டுடு." அவன் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாசமாகச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

"தள்ளுண்ணே. அடுத்தது என் முறை."

இரண்டாம் முறை நான் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு நானே வளைவுகளைச் சொல்லிக்கொண்டு போனேன், கத்தி, ஜொகூரில் கத்தியதுபோலவே. எட்டின் முதல் சுழியில் வாலை வீசினேன், பிடித்தேன். மறு சுழிக்கு அப்படியே மாற்றி வீசினேன். டயர் அலறியது. புகையில் கூம்பு தெரியவில்லை. பாம்பு வளைவில் ஒரு கூம்பு சாய்ந்து ஆடி மறுபடி நிமிர்ந்தது. கட்டத்துக்குள் பிரேக்கைப் போட்டு நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் நேரம் மட்டமான நேரம், யாரையும் ஜெயிக்கவில்லை. ஆனால் முடித்திருந்தேன். அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டு ஜெபமாலையைச் சுழற்றிக்கொண்டு ஏதோ கத்தினாள். ஜெபமில்லை அது.

அண்ணன் கையை நீட்டினான். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்தேன். "சாவியக் குடு" என்றான். "ஒரு ரவுண்டு. பெர்த்துக்குப் போறதுக்கு முந்தி, கடைசியா."

போட்டி முடிந்து கூம்புகளை எடுக்கும்வரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று விட்டிருந்தார்கள். கொடுத்தேன். அவன் உட்கார்ந்தான், என் சீட்டைப் பின்னால் தள்ளினான், புறப்பட்டான். அழகாகத்தான் போனான். எட்டின் முதல் சுழியில் கார் லேசாக வழுக்கியது. அவன் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். "அழுத்தாதேண்ணே!" என்று கத்தினேன். அழுத்தினான். கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நான்கைந்து கூம்புகளை வாரிக்கொண்டு, வந்த திசையைப் பார்த்து நின்றது. மறுபடி கிளப்பினான். மறுபடியும் அதே. இருபது முப்பது கோப்பைக்காரன்.

நான் ஓடிப்போனேன். "டயரு தேஞ்சுபோச்சு" என்றான், என்னைப் பார்க்காமல்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநொடி அவன் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அவன் தன் காரைக் கடைசியாக ஒருமுறை ஓட்ட வந்திருந்தான், ஆனால் அந்தக் கார் அங்கே இல்லை. அதை வெல்டிங் அடித்து இல்லாமல் ஆக்கியவள் நான். ஜெயித்த சந்தோஷம் அப்படியே இருந்தது, அதோடு சேர்ந்து நெஞ்சு வலித்தது. இரண்டும் பொய்யில்லை.

"இது என் வண்டி இல்லடி" என்றான். "எடுத்துக்க."

இறங்கினான். போய்விடுவான் என்று நினைத்தேன். காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட் வாரைத் தடவித் தேடி மாட்டிக்கொண்டான். "ஓட்டு. பாக்குறேன்."

நான் வலதுபக்கம் ஏறினேன். சீட்டை முன்னால் இழுத்தேன். முதல் சுழியில் வாலை வீசியதும் அண்ணன் கை மேலே போனது, பக்கத்தில் போனது, கதவைத் தடவியது. பாரம் குறையட்டும் என்று பிடிகளை எல்லாம் அவனேதான் முதல் வருடமே கழற்றிப் போட்டிருந்தான்.

"ஏய், ஏய்! இங்க புடிச்சுக்க ஒண்ணுமே இல்லியா?"

"இல்லண்ணே" என்றேன், மறு சுழிக்குத் திருப்பிக்கொண்டே. "மூணு வருஷமா இல்ல."